நாம் வைக்காத ஃபோல்டர்கள்

விருதுநகரில் இருக்கும் என் அக்கா, பணி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பேத்தி கல்லூரியில் சேர்ந்ததும் அவளுக்காக ஒரு லேப்டாப் வாங்கினார். ஒரு வாரம் கழித்து, இரவு பத்து மணிக்கு போன் வந்தது. “ஏப்பா, நாங்க இன்னும் ஒண்ணுமே ஏத்தல. சி டிரைவ்ல என்னென்னமோ பேர்ல கிடக்கு. வைரஸா இருக்குமோ? அழிச்சிரவா?” என்றார். “இருங்கக்கா, காலையில பாத்துச் சொல்றேன்” என்றேன். அந்த இரவிலேயே சொல்லியிருக்க வேண்டும். காலையில் நான் அழைப்பதற்குள் இரண்டு ஃபோல்டர்களை அவர் அழித்துவிட்டார். ‘நிர்வாகி அனுமதி தேவை’ என்று கணினி தடுத்துப் பார்த்திருக்கிறது. ‘தொடர்க’ என்பதை அழுத்தியிருக்கிறார். அதன் பிறகு திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் வேலை செய்யவில்லை. டச்பேடில் இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் நகரவில்லை.

பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனார்கள். “வைரஸ் ஏறிடுச்சு, ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டாத்தான் சரியாகும்” என்று சொல்லி, 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்படியே செய்துகொடுத்தார்கள். பேத்தி அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்த கருத்தரங்கக் கட்டுரை போயே போய்விட்டது. வைரஸ் என்று எதுவும் அந்தக் கணினியில் இருந்ததற்கு அடையாளமே இல்லை. அழிக்கப்பட்ட இரண்டும் கணினியைத் தயாரித்தவர்கள் வைத்தவை. ஒன்று பொத்தான்களை இயக்குவது, மற்றொன்று டச்பேடை இயக்குவது.

இதில் அக்கா செய்த தவறு என்று நான் எதையும் சொல்ல மாட்டேன். தன் வீட்டுக்குள் தான் வைக்காத மூட்டை ஒன்று கிடந்தால் யாரும் பதறத்தான் செய்வார்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மாவு, சர்க்கரை, எண்ணெய் மட்டுமல்ல, மாவை உப்ப வைக்கும் பொருளின் எண் வரை அச்சிட்டிருப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் லேப்டாப்பின் பெட்டியிலோ, உள்ளே என்னென்ன மென்பொருள் ஏற்றப்பட்டிருக்கிறது, யார் ஏற்றியது, எதை நீக்கினால் எது நின்றுபோகும் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. இந்த மௌனம்தான் என் கோபத்துக்குக் காரணம்.

முதலில், அங்கே கிடப்பவை என்ன என்று பார்ப்போம். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். இரண்டாவதன் வாலில் எக்ஸ்86 என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து, யாரோ போலி ஒன்றைச் செருகிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. அது 32 பிட் மென்பொருள்களுக்கான இடம். 1978இல் இன்டெல் வெளியிட்ட 8086 சில்லின் பெயரிலிருந்து வந்த வால் அது. ‘இன்டெல்’, ‘ஏஎம்டி’, ‘டிரைவர்ஸ்’ போன்றவை வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை நிறுவும்போது உருவானவை. ‘ஓஇஎம்’ என்றால் கணினியைத் தயாரித்த நிறுவனம் என்று பொருள். ‘எஸ்டபிள்யூசெட்டப்’ என்ற ஃபோல்டரை எச்பி கணினிகளில் பார்க்கலாம், டிரைவர்களை மறுபடி நிறுவ வேண்டி வந்தால் உதவும் மூலக் கோப்புகள் அதில் இருக்கும். ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்பது பழைய விண்டோஸ் பதிப்பு. புதிய பதிப்புக்கு மாறிய பத்து நாட்களில் தானாகவே நீங்கிவிடும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று, பல ஜிபி அளவில் பூதம்போல உட்கார்ந்திருக்கும். இடம் போதவில்லை என்று தவிப்பவர்களின் கண் முதலில் அதன்மேல்தான் விழும். விண்டோஸின் உதிரிபாகக் கிடங்கு அது. அங்கிருக்கும் கோப்புகளில் பல வேறு ஃபோல்டர்களிலும் தெரியும், ஆனால் வட்டில் ஒரே இடத்தைத்தான் பிடித்திருக்கும். எக்ஸ்புளோரர் அவற்றை இரண்டு தடவை எண்ணிவிடுவதால், பார்வைக்குத் தெரியும் அளவு உண்மை அளவைவிடக் கூடுதல். அதில் கைவைத்தால் கணினி எழுந்திருக்காமலே போகலாம். இடக்குறைவு பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 512 ஜிபி என்று வாங்கிய கணினி 476 ஜிபி என்று காட்டுவதற்குத் திருட்டு காரணமில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024இன் மடங்கில் எண்ணுகிறது.

பெயர் புரியாத ஃபோல்டர் ஒன்று உலகத்தையே குழப்பிய கதை சமீபத்தியது. 2025 ஏப்ரல் 8 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, சி டிரைவில் ‘ஐநெட்பப்’ என்று ஒரு ஃபோல்டர் முளைத்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஃபோல்டர். ஐஐஎஸ் என்ற வலைச் சேவையகத்தை நிறுவியவர்களிடம் மட்டும் இருக்க வேண்டிய பெயர் அது. பிழையாக வந்துவிட்டது போலிருக்கிறது என்று பலர் அழித்தார்கள். பிறகுதான் மைக்ரோசாஃப்ட் விளக்கியது. அந்த மாதம் அடைக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கான தீர்விலேயே இந்த வெற்று ஃபோல்டரும் ஒரு பகுதி, ஐஐஎஸ் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அதை அழிக்கக் கூடாது என்றது. அழித்துவிட்டவர்கள் விண்டோஸ் அம்சங்களில் ஐஐஎஸ்ஸை ஒருமுறை இயக்கினால் ஃபோல்டர் மீண்டும் உருவாகும் என்றும் சொன்னது. அப்டேட்டுடன் ஒரு வரி அறிவிப்பு தந்திருந்தால் இத்தனை பேர் தங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைத் தாங்களே கழற்றிப்போட்டிருக்க மாட்டார்கள்.

கணினியில் அறியாத பெயரைக் கண்டு அஞ்சுவது இன்று நேற்று வந்ததல்ல. 2002இல் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. உங்கள் கணினியில் கரடிப் பொம்மை படத்துடன் ‘ஜேடிபிஜிஎம்ஜிஆர்’ என்ற கோப்பு இருக்கிறதா தேடுங்கள், அது வைரஸ், ஆன்டிவைரஸால் கண்டுபிடிக்க முடியாது, உடனே அழியுங்கள், உங்கள் முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றது. தேடியவர்களுக்குக் கோப்பு கிடைத்தது. கிடைத்ததாலேயே மின்னஞ்சல் சொன்னதை நம்பினார்கள். அது ஜாவா நிரல்களின் பிழை திருத்த மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸில் வைத்திருந்த கோப்பு. வைரஸ் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மக்களின் அச்சமே கோப்பை அழிக்கும் வேலையையும் செய்தது, செய்தியைப் பரப்பும் வேலையையும் செய்தது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ‘இந்த ஃபோல்டர் இருந்தால் உடனே அழியுங்கள்’ என்ற செய்திகள் அதே வகைதான்.

அப்படியானால் தயாரிப்பாளர் வைத்ததை எல்லாம் நம்பி விட்டுவிடலாமா என்றால், அதுவும் முடியாது. சந்தேகப்படுவதற்கு நமக்குக் காரணம் கொடுத்தவர்களே அவர்கள்தான்.

2014இன் பிற்பாதியில் விற்ற லெனோவோ லேப்டாப்கள் பலவற்றில் ‘சூப்பர்ஃபிஷ் விஷுவல்டிஸ்கவரி’ என்ற மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. நாம் பார்க்கும் இணையப் பக்கங்களில் விளம்பரம் செருகுவது அதன் வேலை. வங்கிப் பக்கம் போன்ற பூட்டிய இணைப்புகளுக்குள்ளும் நுழைவதற்காக, தனக்கென ஒரு மூலச் சான்றிதழைக் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் அது சேர்த்துக்கொண்டது. அந்தச் சான்றிதழின் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளிவந்ததும், ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துக் காட்டினார். ‘கொமோடியா’ என்பது கடவுச்சொல். அந்தத் தொழில்நுட்பத்தைத் தந்த நிறுவனத்தின் பெயரே அது. ஒரு காபிக் கடை வைஃபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் வங்கிப் பக்கம் போல நடித்து ஏமாற்ற அது போதும். மென்பொருளை நீக்கிய பிறகும் சான்றிதழ் கணினியிலேயே தங்கியிருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபோல்டரை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் ஆபத்தை அழிக்கவில்லை. 2017இல் அமெரிக்க வணிக ஆணையத்துடனும் 32 மாநிலங்களுடனும் லெனோவோ உடன்பாட்டுக்கு வந்து, அந்த மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்தது. இதுபோன்ற மென்பொருளை இனி வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் பெற்றுத்தான் ஏற்ற வேண்டும் என்று ஆணையம் விதித்தது.

அதே 2017 மே மாதம், சுவிட்சர்லாந்தின் மாட்ஜீரோ என்ற நிறுவனம் எச்பி லேப்டாப்களில் இருந்த ஒலி டிரைவர் ஒன்றை ஆராய்ந்தது. மைக்கை அணைக்கும் பொத்தானை யாராவது அழுத்துகிறார்களா என்று கவனிக்க வேண்டிய அந்த நிரல், அழுத்தப்படும் ஒவ்வொரு விசையையும் ‘மைக்ட்ரே டாட் லாக்’ என்ற கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. கடவுச்சொற்களும் அதில் அடக்கம். கணினியைப் பயன்படுத்தும் எவரும் திறந்து படிக்கக்கூடிய பொது ஃபோல்டரில் அந்தக் கோப்பு கிடந்தது. நிரல் எழுதியவர்கள் சோதனைக்காகச் சேர்த்ததை எடுக்க மறந்துவிட்டார்கள் என்பதுதான் கிடைத்த விளக்கம். எச்பி திருத்தம் வெளியிட்டது. அந்தக் கோப்பின் பெயரைப் பார்த்து ‘இது என்ன’ என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டிருந்தால், அவருடைய சந்தேகம் முழுக்க முழுக்கச் சரி.

எனவே அறியாத ஃபோல்டரைக் கண்டதும் செய்ய வேண்டியது, அது யாருடையது என்று விசாரிப்பது. அழிப்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான். விசாரணையைத் தேதியிலிருந்து தொடங்குங்கள். ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கி ‘பிராப்பர்டீஸ்’ பார்த்தால், உருவான நாள் தெரியும். கணினி வாங்குவதற்கு முன்பான தேதி என்றால் பெரும்பாலும் தொழிற்சாலையில் வந்தது. போன செவ்வாய்க்கிழமை என்றால், அன்று வீட்டில் யார் என்ன தரவிறக்கினார்கள் என்று கேளுங்கள். அடுத்து உள்ளே இருக்கும் நிரலின் கையொப்பம். ‘எக்ஸி’ கோப்பின் பிராப்பர்டீஸில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பகுதி இருந்தால், கையெழுத்திட்ட நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் இருப்பிடத்தையும் பார்க்கலாம். ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற விண்டோஸ் நிரல் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓட வேண்டும். அதே பெயர் தரவிறக்க ஃபோல்டரிலிருந்து ஓடினாலோ, பெயரில் ஓரெழுத்து இடம் மாறியிருந்தாலோ, அது வேடம் போட்டு வந்த வேறு ஆள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘ஆட்டோரன்ஸ்’ என்ற கருவி, கணினி எழும்போதே எழும் எல்லா நிரல்களையும் முதலாளி பெயருடன் வரிசைப்படுத்திக் காட்டும். ‘வைரஸ்டோட்டல்’ தளத்தில் கோப்பை ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும். அங்கே ஏற்றுவது பிறர் கண்ணிலும் படலாம் என்பதால், சொந்த ஆவணங்களை மட்டும் ஏற்ற வேண்டாம்.

கையொப்பத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2018இல் ஆசுஸ் நிறுவனத்தின் அப்டேட் மென்பொருள் வழியாக, அந்த நிறுவனத்தின் உண்மையான கையொப்பத்துடனேயே தீநிரல் போய்ச் சேர்ந்தது. காஸ்பர்ஸ்கை 2019 மார்ச்சில் அதை வெளிப்படுத்தியபோது, தன்னுடைய வாடிக்கையாளர்களில் மட்டும் 57,000க்கும் மேற்பட்டோர் அதை நிறுவியிருந்ததாகச் சொன்னது. குறிவைக்கப்பட்டவை 600 சொச்சம் கணினிகள்தான்.

நீக்குவது என்று முடிவானால், ‘செட்டிங்ஸ்’ போய் ‘ஆப்ஸ்’ பட்டியலில் நீக்குங்கள். ஃபோல்டரை அழிப்பது, மரத்தின் கிளையை வெட்டிவிட்டு வேரை விட்டுவைப்பது போல. விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற பதிவேட்டில் இருக்கும் குறிப்புகளும், பின்னணிச் சேவைகளும் அப்படியே இருக்கும். முப்பது நாள் ட்ரையல் ஆன்டிவைரஸ், யாரும் கேட்காத விளையாட்டுகள், ஷாப்பிங் இணைப்புகள் ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம். டிரைவர் என்றோ, சிப்செட் என்றோ, ஹாட்கீ என்றோ பெயரில் இருப்பதைத் தொட வேண்டாம்.

கடைக்காரர் வைத்துவிட்டுப் போகும் ஃபோல்டர்கள் தனி ரகம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இதுதான் அதிக ஆபத்து என்பது என் எண்ணம். அக்காவின் லேப்டாப்பை ஃபார்மேட்டுக்குப் பிறகு நான் பார்த்தபோது, ‘கேஎம்எஸ்’ என்று தொடங்கும், கள்ள உரிமக் கருவியின் ஃபோல்டர் ஒன்று இருந்தது. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் ஹோம் பதிப்பை எடுத்துவிட்டு, கள்ள உரிமத்தில் வேறு பதிப்பைப் போட்டிருந்தார்கள். உரிமத்துக்கான சாவி லேப்டாப்பின் மதர்போர்டிலேயே பதிந்திருந்தது. அதே பதிப்பைப் போட்டிருந்தால் தானாகவே செயல்பட்டிருக்கும். கள்ள உரிமக் கருவிகளோடு கடவுச்சொல் திருடும் நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருவது உலகறிந்த செய்தி. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத்தான் அவற்றை நிறுவுகிறார்கள் என்பது அதைவிட மோசம். அதோடு, ‘எனிடெஸ்க்’ ஒன்றும் இருந்தது. தூரத்திலிருந்து கணினியைப் பழுது பார்க்க உதவும் நல்ல மென்பொருள்தான் அது. ஆனால் அதைப் பயன்படுத்தி வங்கிக் கணக்குகளைச் சுரண்டுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. நீங்கள் கேட்காமல் ஒருவர் உங்கள் வீட்டுக்கு மாற்றுச்சாவி செய்து வைத்திருக்கிறார் என்றால் என்ன செய்வீர்களோ, அதையே எனிடெஸ்க் விஷயத்திலும் செய்யுங்கள்.

தயாரிப்பாளர்கள் ஏன் ஏற்றுகிறார்கள்? கணினி விற்பனையில் லாபம் குறைவு. தன் மென்பொருள் புதிய கணினியில் இடம்பெற வேண்டும் என்று பணம் கொடுக்க நிறுவனங்கள் காத்திருக்கின்றன. அதாவது நாம் கொடுத்தது ஒரு விலை, நம் திரையை விற்று அவர்கள் பெறுவது இன்னொரு விலை. 2008இல் சோனி, தன் வையோ லேப்டாப் ஒன்றில் இந்தக் குப்பைகளை எடுத்துவிட்டுத் தர 49.99 டாலர் கட்டணம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே கட்டணத்தைக் கைவிட்டது. வாங்கிய வீட்டைக் காலி செய்து தர வாடகை கேட்டது போன்ற அந்த அறிவிப்பு, இந்த வியாபாரத்தின் முகத்தை அப்பட்டமாகக் காட்டியது.

சட்டம் நினைத்தால் மாற்ற முடியும் என்பதற்கு ஐரோப்பா சாட்சி. அங்கே டிஜிட்டல் சந்தைகள் சட்டம் 2024 மார்ச்சில் முழு வீச்சில் நடைமுறைக்கு வந்ததும், விண்டோஸோடு வரும் எட்ஜ் உலாவியை நீக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. நம் ஊரில் அந்த வசதி இல்லை. தொழில்நுட்பத்தால் முடியாது என்ற வாதம் அன்றே செத்துவிட்டது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, ஆண்ட்ராய்டு போன்களில் முன்கூட்டியே ஏற்றப்படும் கூகுள் செயலிகளை நீக்கவிடாமல் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஆனால் அந்த உத்தரவு உட்பட நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. 2025 நவம்பர் இறுதியில் மத்திய அரசே, புதிய போன்கள் அனைத்திலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மக்கள் எதிர்த்த பிறகு டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. நோக்கம் நல்லதாக இருந்தாலும், கேட்காமல் ஏற்றுவதை மக்கள் ஏற்க மாட்டார்கள் என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்தது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, தூய்மை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை நமக்குத் தருகிறது. கணினிக்குள் இருக்கும் மென்பொருளும் அந்தப் பொருளின் ஒரு பகுதிதான் என்று அரசு ஒரு விதியால் தெளிவுபடுத்தினால் போதும். நான் கேட்பது ஒரு தாள். ஏற்றப்பட்ட ஒவ்வொரு மென்பொருளின் பெயர், அதைச் செய்த நிறுவனம், கணினியில் அது இருக்கும் இடம், அதன் வேலை, நீக்கினால் என்ன ஆகும் என்ற ஐந்து விவரங்கள் அதில் தமிழிலும் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு இதற்காக டெல்லியை எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, பல குடும்பங்களுக்கு முதல் கணினியையே கொடுத்தது இந்த அரசுதான். லட்சக்கணக்கில் வாங்கும் வாடிக்கையாளர் சொன்னால் எந்த நிறுவனமும் மறுக்காது. ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனையைச் சேர்த்து, அந்தத் தாளை ஒவ்வொரு மாணவரின் கையிலும் கணினியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் கேட்கட்டும். கல்விக்குத் தேவையில்லாத ட்ரையல் மென்பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்றும் கேட்கட்டும்.

அதுவரை, கணினி வாங்கப்போகும் ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பில் போடும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: “இதுல என்னென்ன ஏத்தியிருக்கு, எழுதித் தாங்க.” பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.